தட்டு எறியும் கை

1927 டிசம்பர் கடைசியில் வெளியானது ‘த பேட்டில் ஆஃப் த செஞ்சுரி’. ஸ்டான் லாரலும் ஆலிவர் ஹார்டியும் ஜோடி சேர்ந்த முதல் ஆண்டு அது. தெரு முழுக்க நிற்பவர்கள் ஒருவர் முகத்தில் ஒருவர் கிரீம் பை எறிந்துகொள்ளும் படம். (பை என்றால் தோளில் மாட்டுவதல்ல, தட்டில் வைத்துச் சுட்ட மாவின் மேல் கிரீமைக் குவித்த இனிப்பு.) இந்தச் சண்டையைப் பற்றி எதுவும் அறியாத ஒரு பெண், நல்ல உயரம், நாகரிகமான உடை, தெருமுனை திரும்பி வருகிறாள். கால் வழுக்குகிறது. கீழே கிடந்த பையின் மேல் சரியாக உட்கார்ந்துவிடுகிறாள். அடியில் இருப்பது என்னவென்று அவளுக்குத் தெரியவில்லை. நேரக்கூடாத ஏதோ ஒன்று நேர்ந்துவிட்டது என்று முகம் மட்டும் சொல்கிறது. எழுகிறாள். யாரிடமும் எதுவும் கேட்காமல், நடக்கும்போதே ஒரு காலை மட்டும் லேசாக உதறிவிட்டுப் போய்விடுகிறாள்.

சில வினாடிகள்தான். லாரலையும் ஹார்டியையும் ஆராதிக்கும் ஆண் விமர்சகர்கள் பலரும் இந்தக் காட்சியைப் பாராட்டியிருக்கிறார்கள். ஆனால் அந்தக் கால் உதறலில் இருப்பது என்ன என்று நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. தெருவில் நடந்துகொண்டே தோழியிடம் “பின்னாடி கொஞ்சம் பாரு” என்று கிசுகிசுத்த எந்தப் பெண்ணுக்கும் அது தெரியும்.

அந்த நடிகையின் பெயர் அனிதா கார்வின். லாரல்–ஹார்டி படங்கள் பதினொன்றில் நடித்தவர். ‘ஃப்ரம் சூப் டு நட்ஸ்’ (1928) படத்தில் புதுப்பணக்கார வீட்டு அம்மாளாக வருவார். விருந்து மேசையில் கிண்ணத்தில் கிடக்கும் ஒரேயொரு செர்ரிப் பழத்தைக் கரண்டியால் பிடிக்கப் பார்க்கிறார். பழம் ஓடுகிறது, தலையில் இருக்கும் கிரீடம் கண்ணை மறைத்துச் சரிகிறது. கிரீடத்தைத் தூக்கினால் பழம் தப்பிக்கிறது. விருந்தினர் முன்னால் மேல்தட்டுப் பெண்ணாகத் தோன்றியே ஆகவேண்டும் என்ற பதற்றத்தை இவ்வளவு எளிமையாக நடித்துக் காட்டியவர்கள் அந்தக் காலத்தில் குறைவு. அவர் கதாநாயகி இல்லை. யாரோ ஒருவரின் மனைவி, அல்லது வழியில் போகிறவர்.

ஹாலிவுட் நகைச்சுவை ஜோடி என்றதும் நம் நினைவில் வருபவை ஆண் ஜோடிகளே. குண்டர் ஒருவர், ஒல்லி ஒருவர். பெண்களும் ஜோடியாக நடித்தார்கள், தொடராகவே நடித்தார்கள் என்பது திரைப்பட வரலாறுகளில் ஒரு பத்தியில் முடிந்துவிடும். அந்தப் பத்தியும் “பெண் லாரல்–ஹார்டியை உருவாக்க நடந்த, அவ்வளவாக வெற்றிபெறாத முயற்சி” என்ற தொனியில்தான் இருக்கும். இந்தத் தீர்ப்பைக் கொஞ்சம் கிளறிப் பார்க்க வேண்டும்.

முதலில் ஸ்லாப்ஸ்டிக் என்ற சொல்லைப் பற்றி. இத்தாலிய நாடகக் கோமாளிகள் இரண்டு மெல்லிய மரச்சட்டங்களை ஒரு கைப்பிடியில் சேர்த்துக் கட்டிய கோலை வைத்திருந்தார்கள். அதால் அடித்தால் ‘பட்’டென்று பெரிய சத்தம் வரும், வலி இருக்காது. அந்தக் கோலின் பெயர்தான் பிறகு இந்தவகை நகைச்சுவைக்கே பெயராயிற்று. சத்தம் பெரிது, காயம் சிறிது. பார்ப்பவர் சிரிக்க வேண்டுமானால், அடிபட்டவருக்கு வலிக்கவில்லை என்று அவர் நம்ப வேண்டும். இந்த நம்பிக்கை யார் யாரை அடிக்கும்போது வருகிறது என்பதே கேள்வி.

லாரல்–ஹார்டி உலகத்தின் வீடுகளை நினைத்துப் பாருங்கள். 1933இல் வந்த ‘சன்ஸ் ஆஃப் த டெசர்ட்’டையே எடுத்துக்கொள்ளலாம். சிகாகோவில் நடக்கும் சங்க மாநாட்டுக்குப் போய்க் கூத்தடிக்க ஆசைப்படும் இருவரும், ஹார்டிக்கு உடம்பு சரியில்லை, கடல் பயணம் போனால்தான் குணமாகும் என்று மனைவிகளிடம் பொய் சொல்லி ஹோனலூலு போவதாகக் கிளம்புகிறார்கள். அவர்கள் திரும்பி வரவேண்டிய கப்பல் மூழ்கிவிட்டதாகச் செய்தி வருகிறது. கலங்கிப்போன மனைவிகள் மனத்தை ஆற்றிக்கொள்ள சினிமாவுக்குப் போனால், திரையில் ஓடும் செய்திப்படத்தில் கணவன்மார் சிகாகோ ஊர்வலத்தில் ஆட்டம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். கடைசியில் மே புஷ் நடித்த திருமதி ஹார்டி வீட்டிலுள்ள பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கணவன் மேல் வீசுகிறார். நாமும் சிரிக்கிறோம். நான் ஒவ்வொரு முறையும் சிரிக்கிறேன்.

இப்போது ஆளை மாற்றிப் பாருங்கள். பொய் சொல்லிவிட்டுத் தோழியோடு வெளியூர் போய்வந்தவர்கள் மனைவிகள். தட்டுகளை எடுத்து வீசுபவர் கணவர். சிரிப்பு நின்றுவிடுகிறது. அது கிறுக்குத்தனமான கற்பனையாக இல்லாமல் பக்கத்து வீட்டுச் சத்தமாக மாறிவிடுகிறது. மனைவி தட்டு எறியும்போது வேடிக்கையாக இருப்பதற்குக் காரணம், அவள் கையில் உண்மையில் அதிகாரம் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும் என்பதுதான். கோமாளியின் மரக்கோல் போலத்தான் அவள் கோபமும்: சத்தம் வரும், வலிக்காது. அடுத்த படத்தில் ஹார்டி மறுபடியும் பொய் சொல்வார்.

இது ஊகம் மட்டுமல்ல. அதே காலத்துச் சான்று ஒன்று இருக்கிறது. 1931இல் வந்த ‘த பப்ளிக் எனிமி’ என்ற ரௌடிப் படத்தில் காலைச் சாப்பாட்டு மேசையில் ஜேம்ஸ் காக்னி, பாதியாக வெட்டிய கிரேப்ஃப்ரூட் பழத்தை எடுத்து மே கிளார்க்கின் முகத்தில் அழுத்தித் தேய்ப்பார். கையசைவு கிரீம் பையை முகத்தில் அப்புவதற்குச் சமம். ஒரு தின்பண்டம், ஒரு முகம். ஆனால் அது நகைச்சுவைக் காட்சி இல்லை. அந்த ஆண் எவ்வளவு கொடியவன் என்பதைக் காட்டும் காட்சி. அதைப் பார்த்துச் சிரித்தவர்களும் இருந்திருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

பெண் ஜோடியை வைத்துப் படமெடுக்கக் கிளம்பியவர்கள் இந்தச் சுவரில்தான் முட்டிக்கொண்டார்கள். கோபக்கார மனைவிக்கு நேர்மாறாக வைக்க, சிரிக்கவைக்கும் கோபக்காரக் கணவன் அகப்படவில்லை. அதனால் பெண் ஜோடிகளின் படங்களில் பெரும்பாலும் கணவனே இல்லை. இருப்பது வாடகை அறை, அதை வாடகைக்கு விடும் வீட்டுக்காரி, முதலாளி, பஸ் கட்டணம், கிழிந்த காலுறை.

கலிஃபோர்னியாவின் கல்வர் சிட்டியில் இருந்த ஹால் ரோச் ஸ்டுடியோதான் இந்த முயற்சியைத் தொடராகச் செய்தது. 1928–29இல் அனிதா கார்வினோடு மேரியன் பைரனை ஜோடி சேர்த்தார்கள். கார்வின் நெட்டை, பைரன் குட்டை. பஸ்டர் கீட்டனின் ‘ஸ்டீம்போட் பில் ஜூனிய’ரில் காதலியாக நடித்து முடித்திருந்த பைரனுக்குப் பதின்வயது இன்னும் தாண்டவில்லை. மூன்றே படங்கள் வந்தன. அவற்றில் ‘எ பேர் ஆஃப் டைட்ஸ்’ (1929) இன்றும் பார்க்கக் கிடைக்கிறது. அந்தக் காலத்து இரண்டு ரீல் படங்களில் என் கணக்கில் முதல் வரிசையில் வைக்க வேண்டியது. கதை இவ்வளவுதான்: இரண்டு பெண்களுக்குப் பசி. எட்கர் கென்னடியும் ஸ்டூவர்ட் எர்வினும் நடித்த இரண்டு ஆண்கள் அவர்களை வெளியே அழைத்துப் போக வருகிறார்கள். இரவுச் சாப்பாடு கிடைக்கும் என்று பெண்கள் நம்புகிறார்கள். கஞ்சனான கென்னடி, செலவைக் குறைக்க ஐஸ்கிரீமில் முடித்துவிடப் பார்க்கிறான். கடைக்குள் போய் நான்கு கோன் ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு கார்வரை வந்துசேர்வதுதான் பைரனின் வேலை. ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று குறுக்கே வந்து கோன்கள் மண்ணாகின்றன. மறுபடியும் உள்ளே போகிறாள். வெளியே காரில் கார்வின் உட்கார்ந்திருக்கும் விதம், பசியோடு கௌரவமாக உட்கார்ந்திருப்பது எப்படி என்பதற்கு ஒரு பாடம். கடைசியில் தெருவே கைகலப்பாகிறது. அவர்களுக்குச் சாப்பாடு கிடைத்ததாக நினைவில்லை.

1931இல் ரோச் மறுபடியும் முயன்றார். இந்த முறை தெல்மா டாட், ஸேஸு பிட்ஸ். டாட் மாசசூசெட்ஸ்காரர், ஆசிரியப் பயிற்சியில் இருந்தபோது அழகுப்போட்டியில் வென்று சினிமாவுக்கு வந்தவர். லாரல்–ஹார்டியின் முதல் பேசும்படத்தில் பக்கத்து வீட்டுக்காரியாக நடித்தவரும் அவரே. பிட்ஸின் கதை வேறு. எரிக் வான் ஸ்ட்ரோஹைமின் ‘கிரீட்’ (1924) படத்தில், பணத்தின் மேல் வெறிகொண்டு அழியும் மனைவியாக நடித்துத் தன் திறனை நிரூபித்தவர். ‘ஆல் குயட் ஆன் த வெஸ்டர்ன் ஃப்ரண்ட்’ (1930) படத்தில் சாகக் கிடக்கும் தாய் வேடமும் அவருக்குத்தான் முதலில் கொடுக்கப்பட்டது. முன்னோட்டக் காட்சியில் அவர் முகம் தெரிந்ததும் ஜனங்கள் சிரித்துவிட்டார்கள். சிரிப்புப் படங்களில் பார்த்துப் பழகிய முகம். அவர் பகுதியை வெட்டி எறிந்து, வேறொரு நடிகையை வைத்து மறுபடியும் எடுத்தார்கள். ஒருமுறை சிரிக்கவைத்த பெண்ணுக்கு அழும் உரிமை போய்விட்டது.

டாட்–பிட்ஸ் ஜோடி 1931க்கும் 1933க்கும் இடையில் பதினேழு குறும்படங்களில் நடித்தது. சொந்தப் பெயர்களிலேயே வருவார்கள்: ஓர் அறையைப் பகிர்ந்து வாழும் தெல்மாவும் ஸேஸுவும். தொலைபேசி இணைப்பகத்தில் வேலை செய்வார்கள், கடையில் நிற்பார்கள், வேலையை இழப்பார்கள். ‘அஸ்லீப் இன் த ஃபீட்’ (1933) படத்தில், வாடகை கட்ட முடியாமல் வெளியேற்றப்பட இருக்கும் பக்கத்து அறைப் பெண்ணுக்காகப் பணம் திரட்ட, நடனக்கூடத்தில் ஆளுக்கு ஒரு சீட்டு வாங்கி ஆடும் ஆண்களுக்குத் துணையாக ஆடப் போகிறார்கள். அந்த ஆண்டு அமெரிக்கத் தொழிலாளர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு வேலையில்லை. 1932இல் வந்த ஒரு மத்தியச் சட்டம், ஆட்குறைப்பு நேரும்போது கணவன் மனைவி இருவரும் மத்திய அரசுப் பணியில் இருக்கும் குடும்பங்களிலிருந்தே முதலில் ஆளை நீக்கச் சொன்னது. நீக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் மனைவிகள். வேலை செய்யும் பெண் திரையில் திருமணமாகாதவளாகவே இருந்ததற்கு வெளியுலகமும் காரணம் கொடுத்துக்கொண்டுதான் இருந்தது.

இந்த வரிசையில் ‘ஆன் த லூஸ்’ (1931) எனக்குப் பிடித்தது. ஹால் ரோச்சே இயக்கியது. தெல்மாவையும் ஸேஸுவையும் வெளியே அழைத்துப்போகும் ஒவ்வொரு ஆணும் கோனி ஐலண்ட் பொழுதுபோக்குத் திடலுக்கே அழைத்துப் போகிறான். அலுத்துப்போய்விட்டது. ஒருநாள் பணக்கார ஆங்கிலேயன் ஒருவன் தன் காரால் அவர்கள் மேல் சேற்றை வாரியிறைத்துவிட்டு, பரிகாரமாகப் புது உடைகள் வாங்கித் தந்து, நண்பனோடு வெளியே அழைத்துப்போவதாகச் சொல்கிறான். எங்கே? கோனி ஐலண்டுக்கு! பெண்கள் பல்லைக் கடித்துக்கொண்டு, எல்லா ராட்டினங்களையும் விளையாட்டுகளையும் முதல்முறை பார்ப்பதுபோல் நடிக்கிறார்கள். அவனுக்கு அது புதுசு அல்லவா, அவன் மகிழ்ச்சி கெட்டுவிடக் கூடாதே. ஆண் தனக்குத் தெரிந்ததைக் கற்பிக்கும்போது, நமக்கு முன்பே தெரியும் என்று சொல்லாமல் வாய்மூடிக் கேட்கும் கலையில் எவ்வளவு உழைப்பு இருக்கிறது என்று இந்தப் படம் காட்டிவிடுகிறது. மறுநாள் வீட்டுக்கதவு தட்டப்படுகிறது. வாசலில் நிற்பவர்கள் லாரலும் ஹார்டியும். எங்கேயாவது போகலாமா, கோனி ஐலண்ட் எப்படி என்று கேட்கிறார்கள். கையில் கிடைத்ததையெல்லாம் எடுத்து அவர்கள் மேல் வீசித் துரத்துகிறார்கள் இருவரும். மனைவிகளாக அல்ல, தம் சொந்தப் படத்தில், தம் சொந்த அலுப்பின் காரணமாக. அந்த ஸ்டுடியோவின் மிகப் பெரிய நட்சத்திரங்கள் அங்கே வெறும் இலக்குகள்.

1933இல் பிட்ஸ் விலகினார். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது ஊதியப் பேச்சு முறிந்ததே காரணம். இங்கே ரோச்சின் கணக்கைத் தெரிந்துகொள்வது நல்லது. லாரலோடும் ஹார்டியோடும் அவர் தனித்தனி ஒப்பந்தம் வைத்திருந்தார்; இரண்டும் வெவ்வேறு தேதிகளில் முடியும். ஜோடியாகச் சேர்ந்து பேரம் பேச முடியாதபடி செய்யும் ஏற்பாடு. ஆண்களும் அதில் சிக்கியவர்களே. ஆனால் லாரலுக்கு வேறொரு பிடி இருந்தது. நகைச்சுவைத் துணுக்குகளை உருவாக்குவதிலும், படத்தொகுப்பிலும் அவர் கை இருந்தது. அதற்காக ஹார்டியைவிட அதிகச் சம்பளமும் வாங்கினார். ஹார்டி கோல்ஃப் ஆடப் போய்விடுவார். லாரலைத் தூக்கிவிட்டு வேறு ஒல்லி ஆளை வைத்தால் அந்தப் படங்களே வராது. பெண் ஜோடிகளில் யாருக்கும் இப்படி ஒரு பிடி கொடுக்கப்படவில்லை. இயக்கியவர்களும் எழுதியவர்களும் ஆண்கள்; அவர்களும் அடிக்கடி மாறினார்கள். ஒரு படத்தில் நுட்பமாக வந்தது அடுத்த படத்தில் காணாமல் போகும். இருபது ஆண்டுகளுக்கு முன் நிலைமை இப்படி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1914இல் கீஸ்டோன் ஸ்டுடியோவில் மேபல் நார்மண்ட் தன் படங்களைத் தானே இயக்கினார். புதிதாக வந்திருந்த சார்லி சாப்ளின், இந்தப் பெண்ணா என்னை இயக்குவது என்று முரண்டு பிடித்ததும் அப்போதுதான். சினிமாவில் பெருமுதலீடு நுழைந்து ஸ்டுடியோக்கள் ஆலைகளாக மாற மாற, இயக்குநர் நாற்காலியிலிருந்து பெண்கள் ஒவ்வொருவராக இறக்கப்பட்டார்கள்.

உடலைப் பற்றியும் பேசாமல் முடியாது. டாட் எடை கூடக் கூடாது என்று அவர் ஒப்பந்தத்தில் விதி இருந்தது. அதே ஸ்டுடியோவில் ஹார்டியின் தொந்தி ஒரு சொத்து. அழகான பெண் விழுந்தால் பார்ப்பவருக்குச் சிரிப்பு வராது என்ற எழுதாத விதியும் இருந்தது. அதற்கு ரோச் ஸ்டுடியோ கண்ட வழி, டாட் விழும்போதெல்லாம் உடையைக் கழற்றிவிடுவது. பாவாடை மாட்டிக்கொள்ளும், கிழியும், உள்ளாடையோடு ஓடுவார். ஹார்டியும்தான் கால்சட்டை இல்லாமல் ஓடியிருக்கிறார். அங்கே காமிரா அவர் முகத்தைப் பார்க்கும்.

பிட்ஸின் இடத்துக்கு வந்தவர் புரூக்ளினில் பிறந்த பாட்ஸி கெல்லி. மேடையில் வளர்ந்தவர், உரத்த குரல், குத்தலான வாய், எதற்கும் அஞ்சாத முகம். டாட்–கெல்லி ஜோடிக்கு இருபத்தொரு படங்கள். சில படங்களில் கெல்லி தேவைக்கு மேல் கத்துகிறார். ஆனால் ‘பேப்ஸ் இன் த குட்ஸ்’ (1934) ஒன்று போதும். பெரிய கடையின் கண்ணாடி ஜன்னலுக்குள் நின்று, வீட்டுவேலை இயந்திரங்களை இயக்கிக்காட்டும் வேலை இருவருக்கும். வெளியே ஒருவராவது பார்த்துக்கொண்டிருக்கும் வரை நிறுத்தக் கூடாது என்பது மேலாளர் கட்டளை. கடைமூடும் நேரம் ஆகிறது. கூட்டம் கலைந்துவிட்டது. ஒரு குடிகாரன் மட்டும் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நகர மாட்டேன் என்கிறான். அவன் பார்க்கிறான், ஆகவே இவர்கள் துவைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு ஆண் பார்வைக்காக, யாருக்கும் சொந்தமில்லாத துணிகளை, வீடில்லாத ஒரு வீட்டில் நின்று துவைக்கும் இரண்டு பெண்கள்! பிற்பாடு பெண்ணியத் திரை ஆய்வாளர்கள் பக்கம் பக்கமாக எழுதியதை இருபதே நிமிடப் படம் யோசிக்காமலே செய்துவைத்திருக்கிறது. கடை பூட்டப்பட்டு, இரவு முழுக்க அந்தக் கண்ணாடிக்குள்ளேயே கிடக்கிறார்கள்.

பெண் ஜோடி என்றாலே மக்கள் வரமாட்டார்கள் என்ற வாதத்துக்கு அதே ஊரிலேயே பதில் இருந்தது. எம்ஜிஎம் நிறுவனத்தில் மேரி டிரெஸ்லர், பாலி மோரன் ஜோடி. டிரெஸ்லர் 1868இல் பிறந்தவர். அறுபதைத் தாண்டிய, பருத்த உடலும் தொங்கும் கன்னங்களும் கொண்ட பெண். 1932, 1933 ஆண்டுகளில் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு அதிக வசூல் தந்த நட்சத்திரம் அவர்தான், எந்த ஆணும் அல்ல. இந்த ஜோடியின் ‘பாலிடிக்ஸ்’ (1931) படத்தில் டிரெஸ்லர் மேயர் தேர்தலில் நிற்கிறார். ஊர்ப் பெண்கள் கணவன்மாருக்குச் சமைக்க மாட்டோம் என்று வேலைநிறுத்தம் செய்கிறார்கள். இங்கே கணவன்மார் இருக்கிறார்கள், தெருவில் திகைத்து நிற்கிறார்கள். தட்டு எறியப்படவில்லை, தட்டில் சோறு போடப்படவில்லை. பெண்கள் ஊராகத் திரண்டால் கோபக்காரக் கணவனையும் சிரிப்பாக்கலாம் என்பதை அந்தப் படம் கண்டுபிடித்திருந்தது. 1934இல் டிரெஸ்லர் புற்றுநோயால் இறந்தார். அந்த வழியில் நடக்க எந்த ஸ்டுடியோவும் வேறொரு வயதான பெண்ணைத் தேடவில்லை.

1935 டிசம்பர் 16 அன்று, லாஸ் ஏஞ்சல்ஸ் கடற்கரையோரம் ஒரு கார் கொட்டகைக்குள் தன் காரிலேயே தெல்மா டாட் இறந்து கிடந்தார். எஞ்சின் புகையின் நச்சு. வயது 29. விபத்து என்று தீர்ப்பு எழுதினார்கள். கொலை என்றும் தற்கொலை என்றும் வதந்திகள் அன்றே கிளம்பி, இன்றுவரை புத்தகங்களாகவும் தொலைக்காட்சிப் படங்களாகவும் வந்துகொண்டிருக்கின்றன. நூலகத்தில் அவர் பெயரைத் தேடினால் அந்தக் கார் கொட்டகைதான் கிடைக்கும். முப்பத்தெட்டு சிரிப்புப் படங்களில் ஒரு தொடரையே தோளில் சுமந்தவர், தன் பெயரில் கடற்கரையில் உணவகம் நடத்தியவர் என்பதெல்லாம் அந்தச் சாவுக்கு முன்னுரையாக மட்டும் வரும்.

ரோச் தொடரை நிறுத்தவில்லை. கெல்லிக்குப் பக்கத்தில் பெர்ட் கெல்டனை நிறுத்தி ஒரு படம் எடுத்தார்கள். பிறகு லிடா ரொபர்ட்டியை நிறுத்தி இரண்டு. 1936இல் குறும்படச் சந்தையே சுருங்கியபோது தொடர் முடிந்தது. மூன்று ஆண்டு கழித்து லாரல் ஒப்பந்தத் தகராறில் இருந்தபோது ஹார்டியை ஹாரி லாங்டனோடு ‘ஸெனோபியா’வில் நடிக்கவைத்தார்கள், ஜனங்களுக்குப் பிடிக்கவில்லை, சீக்கிரமே பழைய ஜோடியைத் திரும்பக் கூட்டிவந்தார்கள். கெல்லிக்கு அப்படித் திரும்பக் கூட்டிவர யாரும் இல்லை. தான் பெண்களை நேசிப்பவள் என்பதை அவர் மறைக்க மெனக்கெட்டதில்லை. நாற்பதுகளில் சினிமா வாய்ப்புகள் வற்றியபின் நடிகை டலூலா பாங்க்ஹெட்டிடம் வேலைக்கிருந்தார். 1971இல், அறுபது வயதைத் தாண்டி, ‘நோ, நோ, நானெட்’ என்ற பிராட்வே இசைநாடகத்துக்காக டோனி விருது வாங்கினார். அதில் அவருக்குக் கொடுக்கப்பட்ட வேடம் வீட்டு வேலைக்காரி.